டரட் கழற்றிய ஸ்டூவர்ட் டாங்கி: வேவு வண்டியாகவே மீட்பதா, டரட் தேடி ஏற்றுவதா?

துருவிளக்கி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தில் கென்ட் பக்கம் ஒரு தனியார் பட்டறையில், வார இறுதிகளில் பழைய ராணுவ வண்டிகளைச் சீர்செய்யும் வேலைக்குப் போய்வருகிறேன். சம்பளம் கிடையாது, ஆனால் மனசு முழுக்க அங்கேதான். இப்போது எங்களிடம் வந்திருப்பது ஒரு எம்5ஏ1 லைட் டாங்கி. பிரிட்டிஷ் ராணுவக் கணக்கில் ஸ்டூவர்ட் 6. டரட், அதாவது பீரங்கியோடு சுழலும் மேல்கூடு, இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு ஒரு பண்ணையில் மரவேர் பிடுங்கியும், சேற்றில் மாட்டிய வண்டிகளை இழுத்தும் உழைத்திருக்கிறது. அப்புறம் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள்.

ஹல் (அடிக்கூடு) திடமாக இருக்கிறது. டிரைவர் காலடியில் உள்ள தரைத்தகடு மட்டும் அரித்துவிட்டது. பின்னால் இரண்டு காடிலாக் வி8 என்ஜின்களும் உள்ளன. வலது என்ஜின் கையால் சுற்றினால் சுற்றுகிறது, இடது இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஹைட்ராமேட்டிக் என்ற தானியங்கி கியர்பாக்ஸ் இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. டிராக்கின் ரப்பர் கட்டைகள் வெடித்துப் போயிருக்கின்றன. மேல்தகட்டில் டரட் உட்காரும் வட்டத்தைச் சுற்றி நாலைந்து பிராக்கெட்டுகள் வெல்டு வைக்கப்பட்டுள்ளன. பின்பக்கம் வின்ச் (வடம் சுற்றி இழுக்கும் கருவி) மாட்டிய கனமான தகடு ஒன்று இருக்கிறது.

பட்டறையில் இரண்டு கட்சி ஆகிவிட்டோம். சுடுதளத்தில் இலக்காகக் கிடந்த ஏதோ ஒரு ஸ்டூவர்ட்டின் டரட்டை வாங்கி ஏற்றி, 37 மில்லிமீட்டர் பீரங்கி போலக் குழாய் வைத்து 'முழு டாங்கி' ஆக்கலாம் என்பது ஒரு கட்சி. இது ராணுவமே டரட்டைக் கழற்றி வேவு வண்டியாக ஓட்டியது, அப்படியே மீட்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் பண்ணைக்காரர் கழற்றினாரா, ராணுவம் கழற்றியதா என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

சின்ன_அளவு

அருமையான இழை. நான் சென்னையில் 1/35 மாடல் கட்டுகிறவன். இந்த வண்டியைக் கட்டவே பலருக்குத் தயக்கம், பெட்டி திறந்து கிடப்பதுபோல இருக்கிறது என்பார்கள். ராணுவம் ஏன் டரட்டைக் கழற்றியது என்று கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள். படிக்கிற எல்லோருக்கும் பின்னணி தெரிந்திருக்காது.

---

துருவிளக்கி

சரி, சுருக்கமாக.

ஸ்டூவர்ட் வரிசையில் முதலாவதான எம்3, 1941 மார்ச்சில் அமெரிக்காவில் உற்பத்திக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் வட ஆப்பிரிக்காவில் 'குருசேடர்' நடவடிக்கையில் பிரிட்டிஷ்காரர்கள் இதைக் களமிறக்கினார்கள். வேகம், அடிக்கடி நின்றுபோகாத என்ஜின், கழன்று விழாத டிராக். படைவீரர்கள் செல்லமாக 'ஹனி' என்றே கூப்பிட்டார்கள். எம்3-இல் விமானத்துக்குச் செய்த கான்டினென்டல் ரேடியல் என்ஜின். விமானங்களுக்கே அந்த என்ஜின்கள் தேவைப்பட்டதால், 1942-இல் இரட்டை காடிலாக் என்ஜின் வைத்த எம்5 வந்தது. அதற்கு அடுத்ததுதான் எம்5ஏ1.

பிரச்சினை பீரங்கியில். 37 மில்லிமீட்டர் குண்டு 1941-இல் ஓரளவு போதும். 1944-இல் பிரான்சின் நார்மண்டியில் ஜெர்மனியின் பாந்தர் டாங்கி எதிரே வந்தால் அதன் முன்தகட்டை ஒன்றும் செய்யாது. அதனால் பிரிட்டிஷ், கனடியப் படைகளில் இந்த வண்டியின் வேலை மாறியது. ஒவ்வொரு டாங்கி ரெஜிமென்ட்டிலும் வேவுக் குழு ஒன்று, அதில் 11 ஸ்டூவர்ட்டுகள். முன்னே போய்ப் பார், பாலம் தாங்குமா என்று பார், எதிரி எங்கே என்று ரேடியோவில் சொல், திரும்பி வா. சண்டை போடுவது வேலை அல்ல.

அந்த வேலைக்கு டரட் பாரமாகத்தான் இருந்தது. முழு டாங்கி ஏறத்தாழ ஏழரை அடி உயரம். டரட்டை எடுத்தால் வேலியோரம் மறைந்து நிற்கலாம். எடை குறைவதால் ஓட்டமும் கூடுகிறது. முக்கியமாக, கமாண்டருக்குப் பெரிஸ்கோப் வழியாக ஒரு கீற்று தெரிவதற்குப் பதிலாக நாலாபக்கமும் தெரியும், காதும் கேட்கும். பீரங்கி இருந்த இடத்தில் 0.50 அங்குல பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கி ஒன்றை நிறுத்தினார்கள். முன்தகட்டில் உள்ள 0.30 அப்படியே இருந்தது. விலை என்னவென்றால், தலைக்கு மேல் தகடு இல்லை. மோர்ட்டார் குண்டு மரக்கிளையில் பட்டு வெடித்தால் சிதறல் நேரே உள்ளே விழும். அது தெரிந்தும் அதில் போனார்கள்.

---

வேலூர்_ஈஎம்ஈ

தம்பி, நான் ராணுவத்தில் வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் ஈஎம்ஈ பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். டாங்கிப் பட்டறையில்தான் என் சர்வீஸ் முழுக்கப் போனது. என் மனசில் பட்டதைச் சொல்கிறேன்: டரட்டை ஏற்றுங்கள்.

காரணம் சொல்கிறேன். 1948 நவம்பர் 1, பாகிஸ்தானோடு நடந்த போரில் காஷ்மீரின் சோஜிலா கணவாய். ஏறக்குறைய 11,500 அடி உயரம். அங்கே ஏறியவை இதே ஸ்டூவர்ட் டாங்கிகள், 7-வது கேவல்ரி. அந்த ரெஜிமென்ட் 1784-இல் மதராஸ் குதிரைப்படையாகத் தொடங்கியது, நம்மில் பலருக்கு இது தெரியாது. 1944-இல் இம்பாலிலும் அவர்கள் ஸ்டூவர்ட்டில்தான் சண்டை போட்டார்கள். கணவாயில் கோவேறு கழுதை போகிற பாதையை டாங்கி போகிற அளவுக்கு வெட்டிக் கொடுத்தவர்கள் ராணுவப் பொறியாளர்களான மதராஸ் சேப்பர்ஸ். ஜெனரல் திம்மய்யாவின் திட்டம் அது.

டாங்கிகளை ஸ்ரீநகர் வழியாகக் கொண்டுபோகும்போது டரட்டைக் கழற்றித்தான் கொண்டுபோனார்கள். வழியில் உள்ள பாலங்கள் எடை தாங்காது, எதிரியின் ஆட்களுக்கும் டாங்கி வருகிறது என்று தெரியக் கூடாது. கணவாயின் அடிவாரத்தில் உள்ள பால்தாலில் மறுபடி ஏற்றினார்கள். அந்த உயரத்தில் டாங்கி வரும் என்று பதுங்குகுழியில் இருந்தவன் கனவிலும் நினைக்கவில்லை. 37 மில்லிமீட்டர் குண்டு பதுங்குகுழியின் வாயிலேயே போய் விழுந்தது. டரட் ஏற்றியதால்தான் அந்த நாள் ஜெயித்தது. எந்த டாங்கிக்காரனிடம் கேட்டாலும் பீரங்கிதான் அதன் உயிர் என்பான். அதை இல்லாமல் நிறுத்துவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

---

ரொறன்ரோ_வாசகன்

ஐயா, சோஜிலா பற்றி நீங்கள் எழுதியதை வாசிக்கவே பெருமையாக இருக்கிறது. ஆனால் மறுபக்கத்துக்கு நானும் ஒரு நாளைச் சொல்ல வேண்டும்.

1944 மே 24, இத்தாலி, மெல்ஃபா ஆறு. கனடாவின் லார்ட் ஸ்ட்ராத்கோனாஸ் ஹோர்ஸ் ரெஜிமென்டின் வேவுக் குழு. அதற்குத் தலைவர் லெப்டினன்ட் பெர்கின்ஸ். அவர்களிடம் இருந்தவை டரட் கழற்றிய ஸ்டூவர்ட் தாங்கிகள்தான், 0.50 பிரௌனிங் பூட்டியவை. ஆற்றில் இறங்கக்கூடிய இடத்தைத் தேடிப் பிடித்து மூன்று வண்டிகளோடு அக்கரை போய், அங்கே இருந்த ஒரு வீட்டைப் பிடித்து, உள்ளே இருந்த ஜெர்மன் படையினரைச் சிறைப்பிடித்தார்கள். பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் ரெஜிமென்டின் காலாட்படை வந்து சேரும்வரை அந்தக் கரையை அந்தச் சின்னக் குழுவே வைத்திருந்தது. பெர்கின்ஸுக்கு டிஎஸ்ஓ என்ற உயர் ராணுவப் பதக்கம். ஒரு லெப்டினன்டுக்கு அது கிடைப்பது அபூர்வம். காலாட்படைக்குத் தலைமை தாங்கிய மேஜர் மஹோனிக்கு விக்டோரியா கிராஸ்.

அந்த ஆட்களின் வண்டிக்கு உயிர் எது என்றால், பீரங்கி இல்லை, அது சின்னதாக இருந்ததுதான். ஆற்றங்கரையில் ஒளித்து நிற்க முடிந்தது. அப்படியான ஒரு வண்டியில் டரட்டை ஏற்றினால் அந்த வேலை செய்த ஆட்களை நாங்கள் அழித்துவிடுகிறோம். டரட் உள்ள ஸ்டூவர்ட் உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில் நிற்கிறது. டரட் கழற்றின ரீக்கி (வேவு வண்டி) வடிவாகப் பேணப்பட்டு நிற்பதை நான் மிகக் குறைவாகத்தான் கண்டிருக்கிறேன்.

---

கோவை_லேத்

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் முதல் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. யார் கழற்றியது? அதைப் போல்ட்டிடம் கேளுங்கள்.

அமெரிக்காவில் செய்த டாங்கியில் இருக்கிற மரை எல்லாம் அமெரிக்க மரை, 60 டிகிரி. பிரிட்டிஷ் பட்டறையில் பிராக்கெட் அடித்துச் சேர்த்திருந்தால் அவர்கள் கையில் இருந்தது விட்வொர்த் மரை, 55 டிகிரி. பெரும்பாலான அளவுகளில் அங்குலத்துக்கு எத்தனை மரை என்பது இரண்டுக்கும் ஒன்றுதான், கண்ணால் பார்த்தால் தெரியாது. ஆனால் அரை அங்குலப் போல்ட்டில் மாட்டிக்கொள்வார்கள். விட்வொர்த் என்றால் அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்க முரட்டு மரை என்றால் 13. மரையை அளக்கும் பிட்ச் கேஜ் வைத்தால் ஒரு நிமிஷ வேலை.

இது பாதி சாட்சிதான். பண்ணைக்காரரும் விட்வொர்த் போல்ட்தான் போட்டிருப்பார். அதனால் அடுத்தது பெயின்ட். வெல்டு வைத்தால் சுற்றியுள்ள பெயின்ட் கருகும். கருகியதற்கு மேல் எந்த நிறம் பூசப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் எந்தக் காலத்து வெல்டு என்று தெரிந்துவிடும். தயவுசெய்து பெயின்ட்டை உரிக்க மணல் அடிக்கும் முன் பாருங்கள். மணல் அடித்த பிறகு சாட்சி எல்லாம் தூசியாகிவிடும்.

---

துருவிளக்கி

கோவை நண்பரே, நீங்கள் சொன்ன இரண்டையும் செய்து பார்த்தோம். விவரமாகவே எழுதுகிறேன், இதே நிலைமையில் வேறு யாராவது இருந்தால் உதவும்.

மணல் அடிக்கவே இல்லை. வழவழப்பான நீர்த்தாளை நனைத்து, ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் வட்டமாகத் தேய்த்தோம். நடுவில் வெறும் இரும்பு தெரியும்வரை, ஓரத்துக்கு வரவர ஆழம் குறையும்படி. அப்படித் தேய்த்தால் ஒவ்வொரு பூச்சும் ஒவ்வொரு வளையமாகத் தெரியும். பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது உள்ளிருந்து வெளியே: சிவப்பு பிரைமர், அமெரிக்க ஆலிவ் பச்சை, அதற்கு மேல் கொஞ்சம் வேறு சாயலில் இன்னொரு பச்சை, அப்புறம் பண்ணையில் அடித்த நீலம், கடைசியில் சாம்பல். இரண்டாவது பச்சை, 1944 ஏப்ரல் முதல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட எஸ்சிசி 15 என்ற ஆலிவ் நிறத்தோடு ஒத்துப்போகிறது.

இப்போது பிராக்கெட்டுகள். வட்டத்தின் முன்புறம் உள்ள கனமான பிராக்கெட்டிலும் வலப்பக்கப் பிராக்கெட்டிலும், வெல்டின் சூட்டில் அமெரிக்கப் பச்சை கருகியிருக்கிறது. கருகியதன் மேல் இரண்டாவது பச்சை ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. அரை அங்குலப் போல்ட்டில் 12 மரை. பின்பக்க வின்ச் தகட்டிலோ இரண்டு பச்சையும் கருகி, அதன் மேல் நேரடியாக நீலம். ஆக, முன் பிராக்கெட் ராணுவத்தில் இருந்தபோது வைத்தது, வின்ச் தகடு பண்ணையில் வைத்தது. டரட் வளையத்தைப் பிடித்த போல்ட் துளைகளும் சுத்தமாக இருக்கின்றன, கேஸ் கட்டர் பட்ட அடையாளமே இல்லை. யாரோ நிதானமாக ஸ்பேனர் போட்டுக் கழற்றியிருக்கிறார்கள்.

இன்னொன்று. பக்கத் தகட்டில் பிரிட்டிஷ் பதிவு எண்ணின் ஒரு துண்டு தெரிந்தது. வெள்ளையில் 'டி' என்ற எழுத்தும் சில இலக்கங்களும். மீதி இடத்தில் எப்போதோ கிரைண்டர் ஓடியிருக்கிறது.

---

மெல்பர்ன்_மணி

இதைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. ஆஸ்திரேலியாவிலும் ஸ்டூவர்ட்டுக்குப் பெரிய கதை இருக்கிறது. 1942 டிசம்பரில் பப்புவாவின் பூனாவில் 2/6 ஆர்மர்ட் ரெஜிமென்ட் எம்3 ஸ்டூவர்ட்டுகளோடு தென்னந்தோப்புச் சேற்றில் சண்டை போட்டது. போருக்குப் பிறகு உபரி டாங்கிகளை விவசாயிகள் வாங்கினார்கள். டரட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, புதர் வெட்டவும் நிலம் திருத்தவும் பயன்படுத்தினார்கள். இங்கே கிராமப்புறங்களில் ஸ்டூவர்ட்டை டிராக்டராக நினைவு வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு.

அதனால் என் கேள்வி: அந்த வின்ச் தகட்டை என்ன செய்யப் போகிறீர்கள்? ராணுவத்தில் இந்த வண்டி இருந்தது ஓரிரு ஆண்டு. பண்ணையில் உழைத்தது அதைவிடப் பல மடங்கு. ராணுவம் மாற்றியது வரலாறு, விவசாயி மாற்றியது குப்பை என்று சொல்வது நியாயமா? இந்த டாங்கி பழைய இரும்புக்குப் போகாமல் பிழைத்ததே அந்த விவசாயியால்தான்.

---

வேலூர்_ஈஎம்ஈ

மெல்பர்ன் தம்பி கேட்டது நல்ல கேள்வி. நானும் யோசித்துப் பார்த்தேன். பெயின்ட்டைப் பார்த்து ராணுவம்தான் கழற்றியது என்று தெரிந்துவிட்ட பிறகு, நான் டரட் வேண்டும் என்று அடம்பிடிக்க மாட்டேன். பட்டறையில் ஒரு நியதி உண்டு: வண்டி கடைசியாக எந்த உத்தரவின் பேரில் சர்வீஸில் நின்றதோ அதுதான் அதன் நிலை. இந்த வண்டிக்கு உத்தரவு வேவு.

ஆனால் வேறொரு ஹல்லில் இருந்து வந்த டரட்டை இதன் மேல் வைத்திருந்தால், எந்த உத்தரவிலும் நிற்காத ஒரு வண்டி உருவாகியிருக்கும் என்பதும் உண்மைதான். ரொறன்ரோ தம்பி சொன்ன மெல்ஃபா விஷயம் எனக்குப் புதிது. அந்த லெப்டினன்டுக்கு ஒரு சல்யூட்.

---

சின்ன_அளவு

அப்படியானால் நிறமும் குறியும் என்ன? என் யோசனை: 7-வது ஆர்மர்ட் டிவிஷனின் சிவப்பு ஜெர்போவா எலிச் சின்னம். கண்காட்சியில் எல்லோருக்கும் உடனே புரியும், கூட்டமும் சேரும். ரெஜிமென்ட்டைக் குறிக்கும் எண் சிவப்புச் சதுரத்தில் 51, 52, 53 இல் ஏதாவது ஒன்று. வேவுக் குழு தலைமையக ஸ்குவாட்ரனில் இருக்கும் என்பதால் பக்கத்தில் வைர வடிவம். உள்ளே வெள்ளை நிறம்தானே?

---

துருவிளக்கி

வைர வடிவம் வரை சம்மதம். எந்த டாங்கி ரெஜிமென்ட்டாக இருந்தாலும் அது பொருந்தும். எலிச் சின்னம் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இந்த வண்டி எந்த டிவிஷனில் இருந்தது என்பதற்கு இப்போதைக்கு ஒரு சாட்சியும் இல்லை. நார்மண்டியில் ஸ்டூவர்ட் வைத்திருந்த படைகள் பல. போலந்தின் 1-வது ஆர்மர்ட் டிவிஷன்கூட இதே வண்டியை ஓட்டியது. புகழ்பெற்ற சின்னத்தை வரைந்துவிட்டால் அடுத்த தலைமுறை அதையே உண்மை என்று எழுதி வைக்கும். எண் முழுதாகக் கிடைத்து ஆவணத்தோடு பொருந்தினால் அன்றைக்கு வரையலாம். அதுவரை வெள்ளை நட்சத்திரமும், பதிவு எண்ணில் தெரிகிற துண்டும் மட்டும். அந்தத் துண்டின் மேல் புதுப் பெயின்ட் போகாது, அதை அப்படியே விட்டுச் சுற்றிப் பூசுவோம்.

உள்நிறம் நல்ல கேள்வி. டிரைவர் பகுதியில் தொழிற்சாலை வெள்ளை இருக்கிறது. ஆனால் வட்டத்துக்கு நேர் கீழே, வானத்துக்குத் திறந்து கிடந்த இடத்தில், வெள்ளையின் மேல் பச்சை பூசியிருக்கிறார்கள். தூரிகையின் கோடுகள் தெரிகின்றன, அவசரமாகப் பூசிய கை. திறந்த வண்டியில் உள்ளே வெள்ளை பளிச்சென்று இருந்தால் விமானத்துக்குக் காட்டிக்கொடுத்துவிடும் இல்லையா? அதை நாங்கள் தொடப் போவதில்லை.

---

பழைய_ரேடியோ

ரேடியோ பற்றி யாரும் பேசவில்லையே. வேவு வண்டிக்கு அதுதான் முக்கியமான ஆயுதம்.

எம்5ஏ1 டரட்டில் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் பகுதியில்தான் ரேடியோ இருக்கும். டரட் போனால் அந்த இடமும் போய்விடும். அதனால் பிரிட்டிஷ் 19-ஆம் எண் செட்டை ஹல்லுக்குள் எங்காவது பொருத்தியிருக்க வேண்டும். டிராக்குக்கு மேல் உள்ள பக்கப் பெட்டியின் உள்தகட்டில் வரிசையாகத் துளைகளோ, ரப்பர் அதிர்வு தாங்கியின் மிச்சமோ இருக்கிறதா பாருங்கள். ஏரியலின் (ஆன்டெனா) அடிப்பகுதியைப் பொருத்திய பெரிய துளை ஒன்றும் மேல்தகட்டில் இருக்க வேண்டும்.

19 செட்டில் மூன்று வேலை ஒரே பெட்டியில். ரெஜிமென்ட்டோடு பேசத் தூர அலைவரிசை, குழுவுக்குள் பேசக் குறுந்தூர அலைவரிசை, வண்டிக்குள் பேச இன்டர்காம். வட அமெரிக்காவில் செய்த செட்டுகளின் முன்பலகையில் ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்தும் அச்சடித்திருக்கும். சோவியத்துக்கும் அனுப்பினார்கள் என்பதால். அப்படிப்பட்டது சந்தையில் கிடைத்தால், 'இது ரஷ்ய செட், நமக்குப் பொருந்தாது' என்று விட்டுவிடாதீர்கள். பிரிட்டிஷ், கனடியப் படைகளும் அதையே வைத்திருந்தன.

---

துருவிளக்கி

துளைகள் இருக்கின்றன! இடப்பக்கப் பெட்டிக்குள் நான்கு துளை, செவ்வகமாக. பண்ணைக்காரர் அங்கே கருவிகள் வைத்திருந்ததால் அது அவர் போட்ட அலமாரிக்கானது என்றே நினைத்திருந்தோம். துளை விளிம்பிலும் இரண்டாவது பச்சை இறங்கியிருக்கிறது. மிக்க நன்றி.

---

டீசல்_தம்பி

அண்ணா, நான் லாரி மெக்கானிக். இரண்டு பழைய பெட்ரோல் என்ஜின், இரண்டு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், இதெல்லாம் தலைவலி. ஒரு நல்ல லாரி டீசல் என்ஜினைப் போட்டுவிட்டால் வருஷம் முழுக்க ஓடும், எண்ணெய் செலவும் குறையும். பிரேசில்கூட அவர்களுடைய ஸ்டூவர்ட்டுக்கு 1970-களில் டீசல் என்ஜின் போட்டு எக்ஸ்1 என்று பெயர் வைத்து ஓட்டியதே. வெளியே பார்ப்பவனுக்கு என்ன தெரியப் போகிறது?

---

துருவிளக்கி

தம்பி, பிரேசில் செய்தது அவர்கள் ராணுவத்துக்குத் தேவைப்பட்டதால். எங்கள் வண்டியில் பிறவியிலேயே வந்த இரண்டு என்ஜினும் இருக்கும்போது அதைத் தூக்கிப் போட மனசு வராது. இந்த வண்டியின் தனித்தன்மையே அதில்தான். எம்5-இன் பின்பக்க மேல்தகடு படி போல உயர்ந்திருப்பதே அந்த இரண்டு என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடம் கொடுக்கத்தான். 346 கன அங்குலம், பக்க வால்வு வி8. அக்காலத்துக் காடிலாக் காரில் இருந்த அதே குடும்பம். அதனால் வால்வு, பிஸ்டன் வளையம், கேஸ்கெட் எல்லாம் பழைய கார் ஆர்வலர்களுக்கு விற்கும் கடைகளிலேயே கிடைக்கின்றன. ஹைட்ராமேட்டிக்கும் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் முதலில் வந்தது.

வேவு வேலைக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். கிளட்ச் மிதிக்க வேண்டாம், கியர் உரசும் சத்தம் இல்லை, டிரைவரின் கண் சாலையிலேயே இருக்கும். ரேடியல் என்ஜின் எம்3-ஐவிட எம்5 அமைதியாகப் போகும் என்பதும் கிராமத்து வீதியில் எட்டிப் பார்க்கப் போனவர்களுக்குச் சின்ன விஷயமாக இருந்திருக்காது.

இடது என்ஜினின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தாயிற்று. இரண்டு சிலிண்டரில் தண்ணீர் நின்று, பிஸ்டன் வளையம் சுவரோடு ஒட்டியிருந்தது. மற்றவை பளபளப்பாகவே இருக்கின்றன. ஊடுருவும் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டினோம். அசைந்து கொடுத்துவிட்டது. பிளாக்கில் பனிக்கால விரிசல் இருக்கிறதா என்பது இன்னும் பார்க்க வேண்டும்.

---

வேலூர்_ஈஎம்ஈ

ஒரு சொல் இரட்டை என்ஜின் பற்றி. நான் இந்த வண்டியில் கை வைத்ததில்லை, ஆனால் இரண்டு என்ஜின் ஒரே சுமையை இழுத்தால் எல்லா இடத்திலும் ஒரே விதிதான். இரண்டு கார்புரேட்டரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திறக்க வேண்டும். ஹைட்ராமேட்டிக் எப்போது கியர் மாற்றும் என்பது வேகத்தையும், ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. லிங்க் கம்பியில் ஒரு பக்கம் தேய்மானம் இருந்தால் ஒரு கியர்பாக்ஸ் முந்தி மாற்றும், மற்றது பிந்தும். வண்டி வெட்டி வெட்டி இழுக்கும், சுமை ஒரே என்ஜின் தலையில் விழும். அதனால் லிங்க் கம்பிகளின் பின், புஷ் எல்லாவற்றையும் புதிதாகச் செய்யுங்கள். பழையதையே கிரீஸ் போட்டு மாட்டாதீர்கள். முதலில் தனித்தனியாக ஓட்டி ஒவ்வொன்றும் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

---

கோவை_லேத்

பின், புஷ் அளவு அனுப்பினால் நான் செய்து தருகிறேன், இழுக்க வேண்டாம். தரைத்தகட்டுக்கு வெல்டு வைக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: கவசத் தகடு சாதாரண எம்எஸ் (மென் எஃகு) தகடு இல்லை. குளிர்ந்த தகட்டில் கண்ட வெல்டிங் ராடையும் போட்டால் வெல்டு ஓரத்தில் மறுநாள் முடி போல விரிசல் விடும். தகட்டைச் சூடேற்றி, அடுப்பில் காயவைத்த லோ ஹைட்ரஜன் ராடால் சின்னச் சின்னதாக வைக்க வேண்டும். அப்புறம் வேகமாக ஆறவிடக் கூடாது, போர்வை போட்டு மூடுங்கள்.

---

பழைய_ரேடியோ

பாதுகாப்பு பற்றியும் எழுதிவிடுகிறேன். டேஷ்போர்டு மீட்டர்களின் முள்ளிலும் எண்களிலும் இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்தால் அது ரேடியம். ஒளிர்வது எப்போதோ நின்றுபோயிருக்கும், கதிர்வீச்சு நிற்காது. ரேடியத்தின் பாதி குறையவே 1,600 ஆண்டு ஆகும். கண்ணாடியைத் திறக்க வேண்டாம், பிளேடால் சுரண்டவே வேண்டாம், தனிப் பெட்டியில் வைத்து அதைக் கையாளத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள். பிரேக் லைனிங்கிலும், சைலன்சரைச் சுற்றிய துணியிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டாம். சீட்டுக்கு அடியில், பக்கப் பெட்டிகளின் மூலையில் பழைய தோட்டா கிடந்தால் கை வைக்காமல் போலீசைக் கூப்பிடுங்கள்.

---

மெல்பர்ன்_மணி

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. வின்ச் தகடு?

---

துருவிளக்கி

வருகிறேன். பட்டறையில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிட்டோம். டரட் கட்சிக்காரர்களும் பெயின்ட் வளையங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்த பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

வேவு வண்டியாகவே மீட்கிறோம். ராணுவம் வைத்த பிராக்கெட்டுகள் அப்படியே இருக்கும். 0.50 பிரௌனிங் செயலிழக்கச் செய்து சான்றிதழோடு கிடைத்தால் அது, இல்லாவிட்டால் நகல். வின்ச் தகட்டை ஹல்லில் இருந்து வெட்டி எடுக்க மாட்டோம். வின்ச்சை மட்டும் கழற்றி, பண்ணையில் இருந்த காலத்து நீலம் அழியாமல், வண்டியின் பக்கத்திலேயே காட்சிக்கு வைப்போம். தகட்டின் மேல் பச்சை பூசினாலும், ஒரு மூலையில் நீலம் தெரிய ஒரு சாண் இடம் விடுவோம். பண்ணைக் குடும்பத்தாரிடம் பழைய புகைப்படங்கள் இருந்தால் நகல் கேட்டிருக்கிறோம். டரட் இருந்த இடம் அங்கே எப்படி மூடியிருந்தது என்றும் அதில் தெரியும்.

மெல்பர்ன் நண்பருக்கு இது முழுத் திருப்தி தராது என்று தெரியும். பண்ணைக் காலத்தையும் ராணுவக் காலத்தையும் ஒரே வண்டியில் முழுசாகக் காட்ட வழியில்லை, ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். வேவுக் குழுக்களைப் பற்றிச் சொல்லும் வண்டிகள் குறைவு என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தோம்.

இப்போது எனக்கு இரண்டு உதவி வேண்டும். ஒன்று, 19 செட்டை வைக்கும் தாங்கியின் அளவுகள். நான்கு துளைகளின் இடைவெளியை நான் அனுப்புகிறேன், பொருந்துகிறதா என்று சொல்லுங்கள். இரண்டு, கனடியப் படத் தொகுப்புகளில் ரீக்கி வண்டியின் உட்புறம் மேலிருந்து எடுத்த படம் ஏதாவது இருந்தால்.

---

ரொறன்ரோ_வாசகன்

படங்களை நான் தேடுகிறேன். இத்தாலியில் எடுத்தவை என்றால் வண்டி எம்3 வகையாக இருக்கலாம், பிராக்கெட் வேறு மாதிரி இருக்கும், அதையும் குறித்தே அனுப்புகிறேன்.

---

பழைய_ரேடியோ

இடைவெளியை அனுப்பும்போது துளையின் விட்டத்தையும் சேர்த்து அனுப்புங்கள். என்னிடம் ஒரு தாங்கி இருக்கிறது, அளந்து சொல்கிறேன். ஏரியல் துளையில் பண்ணைக்காரர் ஏதாவது அடைத்திருந்தால் அதைத் தட்டி எடுக்காமல் படம் எடுத்துப் போடுங்கள். ரப்பர் அடித்தளம் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு.